வண்டிக்கு வைத்த பொட்டு

கூடப் பிறந்தவள் கெட்டுப்போக வேண்டும் என்று கனகாம்பாள் ஒருநாளும் நினைத்தவள் இல்லை. தங்கை செங்கம்மாள் நன்றாக இருக்க வேண்டும், வயிறாரச் சாப்பிட வேண்டும், நல்ல துணி உடுத்த வேண்டும். எல்லாம் வேண்டும்தான். ஆனால் அதையெல்லாம் அக்காவை விட ஒரு படி கீழே நின்றுகொண்டு செய்ய வேண்டும். மூத்தவள் மேல்படியிலும் இளையவள் கீழ்ப்படியிலும் நிற்பது கடவுள் போட்ட ஏற்பாடு என்பது அவள் கட்சி.

கல்யாணமான நாளிலிருந்து அந்த ஏற்பாடு ஒழுங்காகவே நடந்து வந்தது. கனகாம்பாளை நஞ்சை நிலம் உள்ள முனுசாமிக்குக் கொடுத்தார்கள். செங்கம்மாளுக்கு வரன் தேடும்போது அப்பா கையில் இருந்ததெல்லாம் கரைந்து போயிருந்தது. அதனால் ஆவடிப் பக்கம் ஒரு கம்பெனி ஸ்டோரில் வேலை பார்த்துக்கொண்டிருந்த, காணி நிலம்கூட இல்லாத பூவராகவனுக்கு அவளைக் கொடுத்தார்கள். செவ்வாப்பேட்டையில் இரண்டு குடும்பத்துக்கும் பக்கத்துப் பக்கத்து வீடு, நடுவில் இடுப்பளவு மதில். அறுவடை முடிந்ததும் கனகாம்பாள் தங்கை வீட்டுக்கு நெல் அனுப்புவாள். தீபாவளிக்குத் தன் பழைய புடவைகளில் சாயம் போகாததாகப் பார்த்துப் பொறுக்கிக் கொடுப்பாள். கொடுக்கிறபோது, "பாவம், அவளுக்கு யாரு கீறாங்க?" என்று தெருவில் நாலு பேர் காதில் விழுகிற மாதிரி சொல்லவும் செய்வாள். அந்தப் 'பாவ'த்தில் அவளுக்கு அப்படி ஒரு ருசி.

எழுபத்திரண்டாம் வருஷம் ஐப்பசியில் அந்த ருசியில் மண் விழுந்தது. பூவராகவன் ஒரு காரை ஓட்டிக்கொண்டு வந்து வாசலில் நிறுத்தினான்.

பழைய லேண்ட்மாஸ்டர். திருவள்ளூரில் ஒரு டாக்டர் ஆண்டு அனுபவித்துவிட்டுத் தள்ளிவிட்ட வண்டி. நிறம் என்னவென்று கேட்டால் சொல்லத் தெரியாது. ஒரு காலத்தில் சாம்பல் நிறமாக இருந்திருக்கலாம். ஓரமெல்லாம் துரு. இடது பக்கக் கதவை வெளியிலிருந்து திறக்க முடியாது, உள்ளே கைவிட்டுத்தான் திறக்க வேண்டும். "ஓட்ட வண்டி, தள்ளிக்கினு போறதுக்கு ரெண்டு ஆளு வேணும்" என்று கனகாம்பாள் அன்று முழுவதும் சொல்லிப் பார்த்தாள். யாரும் காதில் போட்டுக்கொள்ளவில்லை. ஓட்டையோ உடைசலோ, அந்தத் தெருவில் கார் நிற்கிற வாசல் அது ஒன்றுதானே? மறுநாள் காலையில் மோர் விற்கிற துலுக்காணம் செங்கம்மாளைப் பார்த்து, "கார்க்காரம்மா, மோர் வேணுமா?" என்று கூப்பிட்டாள். அன்றைக்குக் கனகாம்பாளுக்குச் சோறு இறங்கவில்லை.

கார் வந்ததோடு போயிருந்தால் பல்லைக் கடித்துக்கொண்டு பொறுத்திருப்பாள். ஆனால் அது அவள் வீட்டுக் கல்யாணத்துக்குள்ளேயே மூக்கை நீட்டியது.

அவளுடைய ஒரே மகள் குணசுந்தரிக்கு ஊத்துக்கோட்டையில் மாப்பிள்ளை அமைந்து, தை மாதம் திருவள்ளூர் சத்திரத்தில் கல்யாணம் என்று முடிவாகியிருந்தது. மாப்பிள்ளை வீட்டார் நல்ல மாதிரி. பெரிதாக ஒன்றும் கேட்கவில்லை. மாப்பிள்ளை அழைப்புக்கு மட்டும் கார் வைத்துவிடுங்கள் என்றார்கள். மூத்த பையனுக்கு அவன் மாமனார் கார் வைத்தாராம், இளையவனுக்குக் குறை வைக்கக் கூடாதாம். வாடகைக்கு ஒன்று பிடித்துவிடலாம் என்று கனகாம்பாள் வாயெடுப்பதற்குள் முனுசாமி முந்திக்கொண்டான்.

"காரா? இன்னாங்க நீங்க, நம்ம சகல ஊட்லயே கார் கீதே!"

அவ்வளவுதான். மாப்பிள்ளையின் அப்பா உட்கார்ந்திருந்த இடத்திலேயே பேச்சுக்குக் கூட வந்திருந்த பூவராகவன் பக்கம் திரும்பிவிட்டார். எந்தக் கம்பெனி வண்டி, எந்த வருஷத்து வண்டி என்று அவனிடமே பேச்சு. தட்டில் இருந்த வெற்றிலையை எடுத்து முதலில் அவனுக்குத்தான் நீட்டினார். பெண்ணைப் பெற்றவன் பக்கத்தில் உட்கார்ந்து பல்லைக் காட்டிக்கொண்டிருந்தான். கதவுக்குப் பின்னால் நின்ற கனகாம்பாளுக்குப் பற்றிக்கொண்டு வந்தது. சம்பந்தி வீட்டார் கிளம்பிப் போனதும் பூவராகவன் அடக்கமாகச் சொன்னான்.

"இந்தக் கோலத்துல மாப்பிள்ளைய ஏத்திக்கினு வந்தா நல்லா இருக்காது, அண்ணி. கல்யாணத்துக்குள்ள நானே ஊட்ல வச்சுப் பெயிண்ட் அடிச்சுடறேன். நம்ம குணாவுக்கு நான் செய்யாம யாரு செய்வாங்க?"

அவன் நல்லவன். அதுதான் கனகாம்பாளுக்குப் பெரிய தொந்தரவாக இருந்தது. கெட்டவனாக இருந்தால் வாய்விட்டுத் திட்டவாவது செய்யலாம்.

அன்றிலிருந்து அவள் பாடு திண்டாட்டம். கார் நன்றாக அமைந்தால் மகளுக்குப் பெருமை, ஆனால் அந்தப் பெருமை தங்கை வீட்டு வாசல் வழியாக வரும். கார் கெட்டுப்போனால் தங்கைக்கு மூக்கறுப்பு, ஆனால் அந்த அறுப்பு மகள் கல்யாணத்தில் நடக்கும். சாமி முன்னால் நின்றால் எதைக் கேட்பது என்று தெரியவில்லை. நல்லபடியாக நடக்கட்டும் என்று பொதுவாகக் கும்பிட்டுவிட்டு வந்துவிடுவாள்.

பூவராகவனுக்கு ஆவடியில் யேசுதாஸ் என்று ஒரு சிநேகிதன். வண்டிகளுக்குப் பெயிண்ட் அடிக்கிற பட்டறையில் வேலை. அவன் பழைய கம்ப்ரசர் ஒன்றையும் ஸ்ப்ரே கன்னையும் இரவல் கொடுத்து, எப்படி அடிப்பது என்று வாய்ப்பாடமும் சொல்லி அனுப்பியிருந்தான். மார்கழி பிறந்ததும் வீட்டு முற்றத்தில் வேலை ஆரம்பமாயிற்று. கம்பெனியிலிருந்து வந்ததும் வராததுமாகப் பூவராகவன் வண்டியைத் தண்ணீர் ஊற்றி உப்புத்தாளால் தேய்ப்பான். பள்ளங்களில் பட்டி வைப்பான், காய்ந்ததும் மறுபடி தேய்ப்பான். செங்கம்மாள் முந்தானையை இடுப்பில் செருகிக்கொண்டு சொம்பு சொம்பாகத் தண்ணீர் ஊற்றுவாள். எந்த நிறம் என்று புருஷன் கேட்டபோது, "பாட்டில் பச்ச" என்று ராணி மாதிரி சொன்னாளாம். கேட்டுச் செய்கிற புருஷன் வேறு!

முனுசாமியைப் பற்றிச் சொல்லாமல் இருப்பதே மரியாதை. களத்தில் கதிர் கிடக்க, அவன் சகலை வீட்டு முற்றத்தில் ரப்பர் குழாயைப் பிடித்துக்கொண்டு நின்றான். ஈரப் பெயிண்டின் மேல் குழாய் உரசிவிடாமல் தூக்கிப் பிடிக்க ஒரு ஆள் வேண்டுமாம். கனகாம்பாள் மதிலுக்கு இந்தப் பக்கம் நின்று இரண்டு தடவை இருமிக் காட்டினாள். அவன் காதில் கம்ப்ரசர் சத்தம்.

முதல் பூச்சு விழுந்த மாலையில் அவள் துணி எடுக்கிற சாக்கில் மதிலோரம் போனாள். பார்த்தாள். மழை பெய்து ஓய்ந்த பிறகு வாழைத்தோட்டம் இருக்குமே, அப்படி ஒரு பச்சை. வண்டியா இது? அந்தத் துருப்பிடித்த சனியனா? வேடிக்கை பார்க்கத் தெருவே வந்திருந்தது. செங்கம்மாள் நடுவில் நின்று, அதைத் தொடாதே இதைத் தொடாதே என்று அதிகாரம் பண்ணிக்கொண்டிருந்தாள். கனகாம்பாளுக்கு அடிவயிற்றிலிருந்து புறப்பட்டு வந்தது. சாம்பலாய்ப் போக, என்று மனசுக்குள் சொல்லிவிட்டாள். சொன்ன மாத்திரத்தில் நாக்கைக் கடித்துக்கொண்டாள். அது தன் மகள் ஊர்வலத்துக்கு வரப் போகிற வண்டி என்பது அப்புறம்தான் ஞாபகம் வந்தது.

துணியை மடித்து வைத்துவிட்டு விளக்கேற்றும் நேரத்துக்கு மறுபடி எட்டிப் பார்த்தால், பானெட்டு முழுவதும் வெளுத்துக்கொண்டு வந்தது. பச்சைக்கு மேல் சாம்பல் பூத்து, பளபளப்பெல்லாம் செத்துப்போய், விபூதி பூசின மாதிரி நின்றது வண்டி. கனகாம்பாள் மதிலைப் பிடித்துக்கொண்டாள். சொன்னது சொன்னபடி நடந்திருக்கிறது. பயத்துக்கு நடுவே, கடுகளவு, ஒரு சந்தோஷமும் எட்டிப் பார்த்தது. அதை அவள் உடனே அமுக்கிவிட்டாள் என்றுதான் சொல்ல வேண்டும்.

"பனிதான், வேற ஒண்ணும் இல்ல" என்றான் பூவராகவன். "பொழுது சாஞ்ச பொறவு அடிக்காதேன்னு யேசுதாஸ் சொன்னான். நான்தான் அவசரப்பட்டுட்டேன். நாளைக்கு லீவுதான, உச்சி வெயில்ல பெயிண்ட்ல கலக்கற தின்னர மட்டும் மேலால லேசா அடிச்சா வெளுப்பு போயிடும்."

"பனியாம் பனி" என்றாள் செங்கம்மாள். "தெரு மொத்தமும் வந்து வாயப் பொளந்துக்கினு பாத்துச்சே, கண்ணு படாம இன்னா பண்ணும்? கல்லடி பட்டாலும் கண்ணடி படக் கூடாது."

கனகாம்பாள் மதிலிலிருந்து கையை எடுத்துக்கொண்டு உள்ளே போய்விட்டாள்.

கொஞ்ச நேரத்தில் வாசல் பக்கம் ஏதோ அரவம் கேட்டது. ஜன்னல் வழியாகப் பார்த்தாள். செங்கம்மாள் குனிந்து, கனகாம்பாள் வீட்டு வாசற்படிக்குக் கீழே, அவள் காலடி பட்ட இடமாகப் பார்த்து ஒரு சிட்டிகை மண்ணை எடுத்து முந்தானையில் முடிந்துகொண்டு போனாள். எதற்கு என்று கேட்க வேண்டியதில்லை. யார் கண் பட்டது என்று சந்தேகமோ, அவர்கள் காலடி மண்ணைக் கொண்டுவந்து, உப்பும் மிளகாயும் கடுகும் சேர்த்துச் சுற்றி நெருப்பில் போடுவது ஊர் வழக்கம். பெற்ற பிள்ளை மாதிரி வளர்த்த தங்கை, அக்காவின் வாசலில் மண் எடுக்கிறாள்! கனகாம்பாளுக்கு ஆத்திரம் பொத்துக்கொண்டு வந்தது. வெளியே போய் மயிரைப் பிடித்து இழுத்து, 'என் கண்ணுதானாடி உனக்குக் கொள்ளிக்கண்ணு?' என்று கேட்டிருப்பாள். கேட்கிற யோக்கியதை தனக்கு இருக்கிறதா என்று ஒரு கேள்வி குறுக்கே வந்து காலைத் தடுக்கிவிட்டது. நின்ற இடத்திலேயே நின்றாள்.

பக்கத்து வீட்டில் பூவராகவன் கத்துவது கேட்டது. "அடியே, நெருப்ப இங்க கொண்டாராத! தின்னர் டின்னு கீது, வண்டியோட ஊடும் பூடும்!" செங்கம்மாள் வண்டியைச் சுற்றிவிட்டுப் புழக்கடைக்கு ஓடி அங்கே அடுப்பில் போட்டாள். மிளகாய் கருகி நெடி ஏறினால் திருஷ்டி இல்லை. நெடியே வரவில்லை என்றால் கண் பட்டது நிஜம். கனகாம்பாள் கட்டிலில் உட்கார்ந்து மூக்கைத் தீட்டிக்கொண்டு காத்திருந்தாள். ஒரு தும்மல் வரட்டும் தாயே என்று வேண்டிக்கொண்டாள். வரவில்லை. சாயங்காலம் முழுவதும் அடித்த தின்னர் வாடையில் தெருவில் யார் மூக்கும் வேலை செய்யவில்லை என்பது அவளுக்கு எப்படித் தோன்றும்?

மறுநாள் நடுப்பகல் வெயிலில் பூவராகவன் வெறும் தின்னரைப் பனி மாதிரி வண்டியின் மேல் விசிறினான். கண்ணுக்கு முன்னாலேயே வெளுப்பு கரைந்து பச்சை திரும்பி வந்தது. தின்னர் என்றான் அவன். திருஷ்டி கழித்தது என்றாள் அவள். மதிலுக்கு இந்தப் பக்கம் நின்றவளுக்கு எந்தக் குழப்பமும் இல்லை. தன் காலடி மண்ணைச் சுட்டதும் வெளுப்பு போய்விட்டது. ஆகவே அது தன் கண்தான்.

அன்று மத்தியானம் குணசுந்தரி சித்தப்பாவைக் கேட்டுக்கொண்டு காருக்குள் ஏறி உட்கார்ந்து பார்த்தாள். பின் சீட்டில், நடுவில், கையை மடியில் வைத்துக்கொண்டு. பெண்ணுக்குக் காரில் இடமில்லை, மாப்பிள்ளைக்குத்தான் என்று யாரோ கேலி செய்தார்கள். "தாலி கட்டி முடிஞ்சதும் ரெண்டு பேரையும் கோயிலுக்கு இட்டுகினு போறேம்மா" என்றான் பூவராகவன். அந்தப் பெண் முகத்தில் வந்த வெட்கத்தைக் கனகாம்பாள் பார்த்தாள். நெஞ்சு உருகிப்போயிற்று. அடுத்த கணமே, இந்த முகத்தை மலர வைத்தது தான் இல்லையே என்று குத்தியது. இது திருந்தாத ஜென்மம் என்று அவளுக்கே தெரிந்துவிட்டது. தன் கண்ணைத் தன்னால் அடக்க முடியாது. இன்னும் எத்தனை பூச்சு பாக்கியோ, அத்தனையும் தன் கண்ணால் பாழாகப் போகிறது. மாப்பிள்ளை வீட்டார் முன்னால் குணா தலைகுனியப் போகிறாள்.

அதற்கு ஒரே வழி திருஷ்டிப் பொட்டு.

மை கூட்டுவதில் கனகாம்பாள் கெட்டிக்காரி. விளக்கெண்ணெய் விளக்கில் கரி பிடித்து, அதை விளக்கெண்ணெயிலேயே குழைத்துக் கொட்டாங்கச்சியில் வைத்திருப்பாள். தெருவில் பிறந்த குழந்தைகளுக்கெல்லாம் கன்னத்தில் அவள் மைதான். போய் வண்டிக்கு ஒரு பொட்டு வைத்துவிட்டு வந்தால் முடிந்தது. ஆனால் எல்லாரும் பார்க்க வைத்தால் என்ன அர்த்தம்? 'மண் எடுத்தது சரிதான், என் கண்ணுக்கு நானே பயப்படுகிறேன்' என்று தமுக்கு அடித்த மாதிரி ஆகும். செங்கம்மாள் உதட்டோரம் சிரிப்பாள். அதை விட விஷம் குடிக்கலாம்.

அதனால் விடியற்காலையில் கோலம் போட வருகிறவள் போல வந்து, மதிலை ஒட்டி நடந்து, பானெட்டின் விளிம்புக்கு அடியில், யார் கண்ணிலும் படாத இடமாகப் பார்த்துத் தாராளமாகவே ஒரு பொட்டு வைத்தாள். வைக்கும்போது கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. இந்தக் காரியத்தில் மட்டும் அவள் மனசில் ஒரு அழுக்கும் இல்லை.

அடுத்த பூச்சு அடிப்பதற்கு முன் பூவராகவன் வழக்கம்போலத் தின்னரில் நனைத்த துணியால் வண்டியைத் துடைத்தான். விளிம்பில் ஏதோ கறுப்பாக ஒட்டியது. என்ஜின் கிரீஸ் என்று நினைத்து அழுத்தித் துடைத்துவிட்டு, அதே துணியால் பானெட்டு முழுவதும் துடைத்தான். பிறகு அடித்தான். நல்ல வெயில், நல்ல பெயிண்ட். ஆனால் பானெட்டில் விழுந்த பெயிண்ட் அங்கங்கே விலகி விலகி நின்றது. மிளகு மிளகாகக் குழி. அம்மை வார்த்து இறங்கின முகம் மாதிரி ஆகிவிட்டது.

கனகாம்பாள் ஜன்னலைச் சாத்திக்கொண்டு உட்கார்ந்துவிட்டாள். தன் கையால் வைத்த பொட்டையே தாண்டிப் பாய்கிறதா தன் கண்? அப்படியானால் ஒரு பொட்டு போதாது. பூவராகவன் தேய்த்து எடுத்துவிட்டு மறுபடி அடிக்கப் போகிறான் என்று தெரிந்ததும், அவள் முந்திக்கொண்டு போய், நாலு கதவின் கைப்பிடிக்கு அடியிலும், மட்கார்டுகளின் உள்பக்கமும், இன்னும் எங்கெல்லாம் விரல் நுழையுமோ அங்கெல்லாம் மை வைத்தாள். பின்னால் டிக்கி மட்டும் செங்கம்மாள் படுக்கிற அறை ஜன்னலுக்கு நேரே இருந்தது. அந்தப் பக்கம் போகத் துணிச்சல் வரவில்லை. ஜன்னலைத் திறக்காமல், வண்டியைப் பார்க்காமல், முதுகைக் காட்டிக்கொண்டே இரண்டு நாள் வீட்டு வேலை செய்தாள். பொறாமைப்படாமல் இருக்கவும் முயன்று பார்த்தாள். அதற்கு ஜன்னலைச் சாத்துவது போதவில்லை.

மறுபடி அடித்தான். மறுபடி குழி. இந்த முறை கதவெல்லாம், மட்கார்டெல்லாம்.

கல்யாணம் நெருங்கிக்கொண்டிருந்தது. முனுசாமி வீட்டுக்கு வந்து தலையில் கை வைத்துக்கொண்டு உட்கார்ந்தான். "பேஜாராப் போச்சுடி. குழி உழுந்தா எங்கியோ எண்ண கீதுன்னு அர்த்தமாம். யேசுதாஸ் சொல்லி அனுப்பிக்கீறான். நாங்களும் தொடச்சுத் தொடச்சுப் பாக்கறோம், எங்கேந்து வருதுன்னு தெரியலியே. டிக்கி மட்டும் கண்ணாடி மாதிரி கீது, அதுதான் ஆச்சரியம்."

எண்ணெய். அந்தச் சொல் கனகாம்பாள் காதில் விழுந்தது. உள்ளே போய்த் தைக்கக் கொஞ்ச நேரம் பிடித்தது. தைத்ததும் எழுந்து ஓடினாள். ஜன்னலைத் திறந்தாள். முற்றத்தில் பூவராகவன் கைப்பிடிக்கு அடியில் விரலை விட்டு எடுத்தான். விரல் கறுப்பாக வந்தது. முகர்ந்தான். துடைக்கிற துணியை முகர்ந்தான். பெண்டாட்டியைக் கூப்பிட்டு அவள் மூக்கில் நீட்டினான். செங்கம்மாள் முகர்ந்துவிட்டு மெல்லத் தலையைத் தூக்கினாள். பார்வை நேராக அக்கா வீட்டு ஜன்னலுக்கு வந்தது.

வந்தவள் செருப்பைக்கூடக் கழற்றவில்லை. துணியைக் கனகாம்பாள் காலடியில் போட்டாள். பின்கட்டில் மஞ்சள் இடித்துக்கொண்டிருந்த குணசுந்தரி உலக்கையைப் போட்டுவிட்டு ஓடி வந்தாள்.

"இது இன்னா?" என்றாள் செங்கம்மாள்.

"இன்னாது?"

"வெளக்கெண்ண மை. இந்தத் தெருவுல உன்ன உட்டா யாரு இத கூட்டறா?"

"பொட்டுதான்டி வச்சேன். திருஷ்டிப் பொட்டு."

"பொட்டு வக்கிறவ தெரியற எடத்துல வப்பா. கைப்பிடிக்குக் கீழ, மட்கார்டுக்கு உள்ள, நாங்க தூங்கிக்கினு இருக்கற நேரமாப் பாத்து மறச்சு வச்சா அதுக்குப் பேரு பொட்டா? வைப்புன்னு சொல்லுவாங்க. செய்வினைன்னு சொல்லுவாங்க." செங்கம்மாளுக்குக் குரல் உடைந்தது. "சொந்தப் பொண்ணு கல்யாணத்துக்கு வர வண்டின்னுகூடப் பாக்கல. நாங்க உனுக்கு இன்னாக்கா கெடுதல் செஞ்சோம்? வண்டி வராது. சொல்லிட்டேன். ஊத்துக்கோட்ட மாப்பிள்ளைய எதுல வேணாலும் இட்டுகினு வா. யாரு கேட்டாலும் காரணத்தையும் சொல்லுவேன்."

சொல்லிவிட்டுத் திரும்பினாள். குணசுந்தரி அம்மாவைப் பார்த்தாள். மஞ்சள் அப்பின கையோடு அப்படியே நின்று பார்த்தாள். அந்தப் பெண்ணுக்கு அம்மாவைப் பார்த்துப் பயம் வந்துவிட்டது என்பது கனகாம்பாளுக்குத் தெரிந்தது. சூனியக்காரியின் மகள் என்று பேர் எடுத்தால் ஊத்துக்கோட்டை சம்பந்தமா நிற்கும்?

துலுக்காணம் கண்ணுக்குப் பயந்து வைத்தேன் என்று சொல்லிவிடலாமா? நாக்கு நுனி வரைக்கும் வந்தது. அப்படியானால் ஏன் மறைத்தாய் என்று அடுத்த கேள்வி வரும். மறைத்ததற்கு ஒரே ஒரு காரணம்தான் இருந்தது. அதைச் சொல்லாமல் தப்ப வழியே இல்லை. இத்தனை வருஷம் மேல்படியில் நின்றவள் இறங்க வேண்டியிருந்தது. படியைத் தேடித் தேடிக் கால் வைக்கிறவள் போல அவள் ஒவ்வொரு சொல்லாகச் சொன்னாள்.

"என் கண்ணுக்குத்தான்டி வச்சேன்."

செங்கம்மாள் வாசலில் நின்றாள்.

"வண்டியப் பாத்து எனுக்கு வயிறு எரிஞ்சுது. சாம்பலாப் போகன்னு மனசுல நெனச்சேன், அன்னைக்கே வெளுத்துப் போச்சு. என் கண்ணால குணா கல்யாணம் கெடக் கூடாதுன்னு வச்சேன். தெரியற மாதிரி வச்சா நீ கண்டுக்குவன்னு மறச்சேன். நீதான் மண்ணே எடுத்தியே, உனுக்குத் தெரியாதா?"

செங்கம்மாள் திரும்பினாள். முகத்தில் கோபத்தைக் காணோம். ஏதோ புரியாத பாஷையைக் கேட்கிறவள் மாதிரி பார்த்தாள்.

"மண்ணா? அது தெரு பூரா எடுத்தேன். பதினெட்டு ஊட்லயும் எடுத்தேன். உன் வாசல்ல, ஒரு ஊட்ட உடக் கூடாதுன்னு சும்மா ஒரு சிட்டிக எடுத்தேன். நீ போயி என்னப் பாத்துப் பொறாமப்படுவன்னு நான் கனவுல கூட நெனச்சது இல்லியே!" ஓர் அடி கிட்டே வந்தாள். "நெசமாவாக்கா?"

சொல்லியிருக்கவே வேண்டாமே என்ற எண்ணம் கனகாம்பாளுக்குள் ஈட்டி மாதிரி இறங்கியது. தங்கைக்குச் சந்தேகமே இருந்ததில்லை. தானாகப் போய்த் தலையைக் கொடுத்திருக்கிறாள்.

"எப்போலேந்து? வண்டி வந்த அன்னைக்கேவா?" செங்கம்மாள் அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டாள். "உன் பழைய பொடவையக் கட்டிக்கினு உன் பின்னாலயே வருவேன். எல்லாரும் உன்னத்தான் பாப்பாங்க. உன்னோட நெல்லு வரும்போது எனுக்குத் தொண்டையில நிக்கும். அக்கா என்ன ஒரு ஆளா நெனச்சிருக்காளான்னு எத்தினியோ நாளு யோசிச்சிருக்கேன். நீ என்னப் பாத்து... துலுக்காணம் கார்க்காரம்மான்னு கூப்புட்டாளே, அப்பயும் எரிஞ்சுதா?"

"எரிஞ்சுது."

"சோறு எறங்கலியா?"

கனகாம்பாள் இல்லை என்று தலையாட்டினாள். செங்கம்மாள் முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டாள். அழுகிறாள் என்றுதான் முதலில் தோன்றியது. சிரித்துக்கொண்டிருந்தாள். கல்யாணத்தன்றுகூட அவள் முகத்தில் அப்படி ஒரு வெளிச்சத்தைக் கனகாம்பாள் பார்த்ததில்லை.

"இன்னொரு தபா சொல்லுக்கா."

"இன்னாத்த?"

"மொதல்ல சொன்னியே, அத."

குணசுந்தரி அம்மாவையும் சின்னம்மாவையும் மாறி மாறிப் பார்த்துக்கொண்டு நின்றாள். வண்டி வருமா வராதா என்பது மட்டும்தான் அந்தப் பெண்ணின் கண்ணில் இருந்தது. கனகாம்பாள் தரையைப் பார்த்துக்கொண்டு, "உன் வண்டியப் பாத்து எனுக்கு வயிறு எரிஞ்சுது" என்று இரண்டாம் முறையாகச் சொன்னாள். முதல் முறையை விட இது கஷ்டமாக இருந்தது.

செங்கம்மாள் எழுந்தாள். துணியைப் பொறுக்கிக்கொண்டாள். வாசலுக்குப் போய் மதிலுக்கு மேலால் குரல் கொடுத்தாள். "இன்னாங்க! அக்கா ஊட்ல சீயக்கா அரச்சு வச்சிருக்கு, கொண்டாரேன். வண்டிக்கு எண்ண தேச்சது தப்பில்ல, தல முழுவாததுதான் தப்பு! நல்லா தேச்சுக் கழுவிட்டு வேற துணியில தொடச்சு நாளைக்கு அடிங்க. குணா கல்யாணத்துக்கு வண்டி போயே ஆவணும்." பிறகு கனகாம்பாளிடம் திரும்பி, காதோடு காதாக, "யாராண்டயும் சொல்ல மாட்டேன்க்கா. இது எனுக்கே எனுக்கு" என்றாள்.

சீயக்காய்ச் சட்டியை இடுப்பில் வைத்துக்கொண்டு அவள் முற்றத்தைக் கடந்து போனாள். நடையில் ஒரு துள்ளல் இருந்தது. காரால் வராத துள்ளல் அது, அக்கா வாயால் வந்தது. கனகாம்பாள் கதவைப் பிடித்துக்கொண்டு பார்த்தாள். நெல், நிலம், பெரிய வீடு, மூத்தவள் என்ற மரியாதை எல்லாம் இருந்தும், ஒருநாளாவது தான் இப்படி நடந்தது உண்டா என்று யோசித்துப் பார்த்தாள். ஞாபகத்துக்கு வரவில்லை. வயிறு மறுபடி எரிய ஆரம்பித்தது.